இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு

எங்கள் தோட்டத்தில் ஒரு காரியத்தைச் செய்வதா வேண்டாமா என்று தெரியாமல் போனால் பூ கட்டிப் பார்ப்போம். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனியாகத் தாளில் மடித்து நூலால் கட்டிச் சாமி காலடியில் போட வேண்டும். எந்தப் பூவுக்கு எந்தப் பதில் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒன்றும் அறியாத பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வோம். பிரித்தால் எந்தப் பூ இருக்கிறதோ அதுதான் சாமியின் வாக்கு. மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாகிவிடும். அதை அப்படியே ஓடுகிற தண்ணீரில் போட்டுவிட வேண்டும்.

இந்தக் கடைசி வழக்கம் மட்டும் இல்லையென்றால் நான் செய்ததைச் செய்திருக்க முடியாது.

நான் இலங்கையில், இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டு ஓடினேன். மாத்தளையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் ஏலக்காய்க் கடையில் மூட்டை தூக்கினேன். தம்புள்ளைக்குப் போகிற லொறியில் கிளீனராக இருந்தேன். நாவுலைப் பக்கம் வெங்காயம் பிடுங்கினேன். சீகிரியாவுக்குப் பக்கத்தில் ஒரு சிங்கள விவசாயியின் சேனைக் காட்டுப் பயிருக்கு இரண்டு போகம் யானைக் காவல் இருந்தேன். ரிவர்ஸ்டன் பாதையில் கல் உடைத்தேன். எங்கேயும் என்னை யாரும் துரத்தவில்லை. ஒரே இடத்தில் நாலு மாதம் படுத்து எழுந்தால் எனக்கு மூச்சு முட்டும். ஏலக்காய்க் கடையை விட்டுப் போகிறேன் என்று மூன்றாவது தடவையாகச் சொன்னபோது முதலாளி கேட்டார்: "ஒன்ட உம்மா ஒன்னய பஸ்ஸுலயாடா பெத்த?" கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் போனேன்.

அப்படிப்பட்டவனுக்கும் கலியாணம் நடந்தது. பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற பெண். அவர்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். கலியாணத்துக்காக நான் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். உபதேசியார் கேட்ட கேள்விகளுக்கு மனப்பாடம் செய்த பதிலைச் சொன்னேன். நம்பினேன் என்றும் சொல்ல முடியாது, நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. அவளுடைய பெயர்தான் தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் இருந்தது. அவளுடைய லயத்துக் காம்பராவில்தான் நான் குடியிருந்தேன். அடுத்த காம்பராவில் அவளுடைய அண்ணன், மனைவி மக்களோடு இருந்தான்.

முதல் பிள்ளை ஆண். நாற்பது நாளில் இறந்து போனான். தோட்டத்து வேதக் கோயிலுக்குப் பின்னால் சரிவில் அவனைப் புதைத்தோம். அடுத்தது பெண். அவள் தங்கிவிட்டாள்.

பிறகு எங்களைப் பங்கு போட இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்தியா வேண்டுமென்றாலும் இலங்கை வேண்டுமென்றாலும் மனு எழுதிக் கொடுங்கள் என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை சத்தம் போட்டுச் சொன்னார். என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், அன்றைக்கே முடிவு சொல்லிவிட்டான்: "எனக்கு அங்க யாரத் தெரியும்? ஆத்தோரம் கெடக்கிற கல்லத் தெரியுமா, மரத்தத் தெரியுமா? நான் இங்கதான்."

எனக்கு இந்தியா வேண்டும் என்று இருந்தது. அங்கே யாரும் காத்திருக்கவில்லை. காணி இல்லை, ஊர்ப் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. நான் பார்க்காத இடம், அவ்வளவுதான்.

மனைவி மறுத்தாள். "மண்ணுக்குள்ள புள்ளய வச்சிட்டு எங்கங்க போறது? வருசம் ஒருக்கா அவனுக்கு மெழுகுதிரி யாரு கொளுத்துறது?"

ஒரு மாதம் இதே பேச்சு. மனு கொடுக்கும் கெடு நெருங்கியது. பூ கட்டிப் பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். மாரியம்மன் கோயிலில் என்றால் வர மாட்டேன் என்றாள். எங்கள் கோயிலில், அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் என்றால் சம்மதம். உபதேசியாருக்கு இந்தப் பழக்கம் பிடிக்காது. அவர் மாத்தளைக்குப் போன ஒரு சனிக்கிழமை பார்த்துப் போனோம். வெள்ளை வந்தால் இலங்கை, சிவப்பு வந்தால் இந்தியா.

பூவை அவள்தான் பறித்தாள். ஒரு நந்தியாவட்டை, ஒரு செம்பருத்தி. பொட்டலம் கட்டுவது குடும்பத்துத் தலைவனின் வேலை. நான் கோயிலுக்குப் பின்னால் போய்க் கட்டினேன். வேலியில் இன்னொரு செம்பருத்தி இருந்தது. அதைப் பறித்து நந்தியாவட்டைக்குப் பதிலாக வைத்தேன். வெள்ளைப் பூவைக் கசக்கி வடிகால் கானில் எறிந்தேன். கடவுள் எப்படியும் பேசப் போவதில்லை, பேசாதவருக்காக நான் பேசினால் என்ன என்று நினைத்தேன். அந்த நினைப்பு இன்னும் வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவளைத்தான் எடுக்கச் சொன்னோம். இரண்டு பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வலது கையை நீட்டி இடப் பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தாள்.

மனைவி அதைப் பிரித்தாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "சரி, சொல்லிட்டாரு" என்றாள். அழவில்லை. நான் மற்றப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்கு வேகமாக நடந்தேன்.

திங்கட்கிழமை அவள் மனுவில் பெருவிரலை உருட்டினாள்.

அதன் பிறகு வீட்டில் சண்டை இல்லை. மகள்தான் மாட்டிக்கொண்டாள். மச்சானுக்கு என்மேல் இருந்த கோபம் கேலியாகத் திரும்பியது. அவளைக் கண்டால் கையைப் பிடித்துக்கொள்வான். "என் தங்கச்சியக் கப்பலேத்தின கை இதானா? குடு, கடிச்சித் தின்னுர்றேன்" என்பான். லயத்துப் பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். முதலில் சிரித்தாள். பிறகு மாமனைக் கண்டால் வலது கையைப் பின்னால் கொண்டுபோய்க் கவுனுக்குள் ஒளித்தாள். பிறகு யாரைக் கண்டாலும் ஒளித்தாள். ஒருநாள் அவள் அம்மாவிடம், "நான் மத்ததை எடுத்திருந்தா மாமாவுக்குக் கோவம் வந்திருக்காதா?" என்று கேட்டாள். "நீ எடுக்கல தங்கம், ஆண்டவரு ஒன் கையப் பிடிச்சு எடுத்தாரு" என்றாள் மனைவி. நான் வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து தீட்டினேன்.

போகலாம் என்ற கடிதம் வரவில்லை. வருஷங்கள் போயின. பாஸ்போட்டுக்குப் படம் வேண்டும் என்றார்கள். மாத்தளையில் ஒரு ஸ்டூடியோவில் மூன்று பேரும் நின்று எடுத்துக்கொண்டோம். அதன் பிறகும் பதில் இல்லை. கடிதம் வராவிட்டாலும் நாங்கள் இந்தியாக்காரர்கள் ஆகிவிட்டோம். வேலை குறைந்தபோது முதலில் எங்களுக்குத்தான் குறைந்தது. "நீங்கதான் போறவங்களாச்சே" என்று கணக்கப்பிள்ளை சாதாரணமாகச் சொல்வார்.

பிறகு பஞ்சம் வந்தது. அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி நிறையச் சொல்ல இஷ்டமில்லை. அரிசி இல்லை, மாவும் அளந்துதான். கடையில் பாண் ரொட்டிக்கான போலிம வரிசையில் விடியும்போதே நின்றாலும் எங்கள் முறை வருவதற்குள் முடிந்துவிடும். பலாக்கொட்டை, மரவள்ளி, காட்டுக் கீரை என்று கிடைத்ததை அவித்தோம். கடைசியில் கீரையும் கிடைக்கவில்லை, எல்லாரும் பிடுங்கிவிட்டார்கள். மேல் லயத்தில் ஒரு குடும்பம் கதவைச் சாத்திக்கொண்டு மாத்தளைக்குப் பிச்சை எடுக்கப் போனது. திரும்பி வரும்போது பாதிப் பேர்தான் வந்தார்கள். நான் வேலை தேடி நாவுலை வரைக்கும் நடந்தேன். அங்கேயும் ஒன்றும் இல்லை.

என் மனைவியைத் தாங்கியது அந்தச் சிவப்புப் பூதான். இரவில் உப்பில்லாத கஞ்சியை மூன்றாகப் பிரிக்கும்போது, "கூட்டிட்டுப் போறேன்னு வாக்குக் குடுத்தவரு நடுவழியில விட்டுருவாரா?" என்பாள். அவள் அதைப் பெருமூச்சோடு சொல்ல மாட்டாள். நாளைக்குப் பெரட்டு உண்டு என்று சொல்வதுபோல் சொல்வாள். அவள் பங்கில் பாதி மகளின் கோப்பைக்குப் போகும். அவளுக்கு அந்தத் தைரியம் இருந்ததால் எனக்கும் ஒரு வாய்க் கஞ்சி கிடைத்தது. நான் பொய்யாகக் கட்டின பொட்டலத்தில்தான் மூன்று பேரும் சாப்பிட்டோம் என்று சொன்னாலும் தப்பில்லை.

மகளுக்குப் பத்து வயது முடிந்திருந்தது. வயிற்றோட்டம் கண்டது. மூன்றாம் நாள் கண் உள்ளே போய்விட்டது. தோட்டத்து லொறி கீழே போயிருந்தது. கம்பளியில் சுற்றி நானும் மச்சானும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு இரத்தோட்டைக்கு இறங்கினோம். மனைவி பின்னால் ஓடி வந்தாள். கடைசி வளைவு தாண்டினால் பஸ் நிற்கிற இடம் தெரியும். அந்த வளைவில் மச்சான், "மாப்ள, நில்லு" என்றான். அவன் தோளில் இருந்த தலை தொங்கிவிட்டது. வலது கை கம்பளிக்கு வெளியே கிடந்தது. அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பாதையில் உட்கார்ந்தான். "மாமா சும்மா சொன்னேன்டி, சும்மா சொன்னேன்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

அண்ணனுக்குப் பக்கத்தில் அவளைப் புதைத்தோம்.

ஏழு மாதம் கழித்து பாஸ்போட் தயார் என்று கடிதம் வந்தது.

அதற்கிடையில் தோட்டத்தை அரசாங்கம் எடுத்திருந்தது. கீழ்ப் பகுதியை ஊராருக்குப் பிரித்துக் கொடுக்கப் போகிறார்கள், லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்று பேச்சு. கண்டியில் இந்திய ஆபீஸுக்குப் போய் பாஸ்போட்டை வாங்கினோம். அங்கிருந்தவரிடம் பிள்ளை இல்லை என்று சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் அவள் பெயரின் மேல் மையால் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். படத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை. மூன்று பேரும் அப்படியே நின்றோம். நடுவில் அவள். இடது கை தொங்குகிறது. வலது கை முதுகுக்குப் பின்னால்.

மாத்தளைக்குத் திரும்புகிற பஸ்ஸில் மனைவி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். வாரியப்பொலை தாண்டும்போது சொன்னாள்: "அவ எடுத்த பூவுங்க. அது பொய்யாகல. போறதுக்கு அவதான் இல்ல. ரெண்டையும் இங்க விட்டுட்டுப் போகச் சொல்றாருன்னா ஏதோ காரணம் இருக்கும். நமக்குத் தெரிய வேண்டியதில்ல."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸில் ஆட்கள் இருந்தார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புறப்பட நான்கு நாள் இருக்கும்போது அவள் கல்லறைகளைச் சுத்தம் பண்ணப் போனாள். தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்த சிலுவைகள். சாய்ந்துபோன ஒன்றை நிமிர்த்திக் கல்லால் அடித்து இறுக்கிக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். நான் மானாப் புல்லைப் பிடுங்கினேன். பிடுங்கிக்கொண்டே சொல்லிவிட்டேன்.

அவள் கல்லைக் கீழே வைத்தாள். "ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்."

"அந்த வெள்ளப் பூவ?"

"கானுல எறிஞ்சேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. மகளின் சிலுவையைப் பார்த்துக்கொண்டு, "அவ கையால" என்றாள். பிறகு, "அஞ்சு வருசமா அவ அந்தக் கைய ஒளிச்சு வச்சாளேய்யா" என்றாள். அதுவரை அவள் என்னை 'ஏங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். எழுந்து அண்ணன் காம்பராவுக்குப் போனாள். எங்கள் காம்பராவுக்கு அவள் திரும்பி வரவில்லை.

சாயங்காலம் மச்சான் வந்தான். கையில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி இருந்தது. வேலையிலிருந்து நேரே வந்ததால் இருந்ததா, எனக்காக இருந்ததா தெரியாது. வாசலில் நின்றான்.

"நம்ம பாட்டன அக்கரையிலருந்து ஆசகாட்டி இங்க கூட்டியாந்தான் ஆள்பிடிக்கிற கங்காணி ஒருத்தன். தேங்காயும் மாசிக் கருவாடும் தேயிலத் தூருல கெடக்குன்னான். அவன் மனுசங்கிட்டத்தான் பொய் சொன்னான். நீ சாமிக்கே கங்காணியாயிட்ட மாப்ள."

நான் கட்டிக்கொண்டிருந்த பெட்டியை விட்டு எழுந்தேன்.

"நீ போ. தாராளமாப் போ. என் தங்கச்சி இங்க இருக்கட்டும். பேரு இல்லாட்டியும் பரவால்ல, அரிசிக் கூப்பன் இல்லாட்டியும் பரவால்ல. நாங்க தின்றதுல ஒரு வாய். போலீசு தேடி வந்தாங்கன்னா காட்டுக்குள்ள ஒளிச்சு வைப்பேன்."

அவன் சொன்னது வெறும் வாய்ப் பேச்சு அல்ல. அப்படி ஒளிந்து வாழ்ந்தவர்கள் எங்கள் பக்கத்தில் இருந்தார்கள். அவள் இருந்துவிடுவாள் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் இருந்தால் நான் போவதா, இருப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு இடத்தை விட்டுக் கிளம்பப் பயமாக இருந்தது.

கடைசி நாள் காலையில் மச்சானின் மனைவி வந்து, என் மனைவி என்னைக் கோயிலுக்கு வரச் சொல்வதாகச் சொன்னாள். போனேன். மச்சானும் நின்றான். என் மனைவி ஒரு நந்தியாவட்டையும் ஒரு செம்பருத்தியும் வைத்திருந்தாள். எல்லார் கண்ணுக்கும் எதிரில், தரையில் உட்கார்ந்து, தனித்தனித் தாளில் மடித்து, நூல் சுற்றி, பல்லால் நூலை அறுத்தாள். முந்தானைக்குள் வைத்துக் குலுக்கினாள். சுரூபத்தின் காலடியில் வைத்தாள். முழந்தாளிட்டாள்.

வெகுநேரம் இருந்தாள். வெளியே கொழுந்து நிறுக்கிற சத்தம் கேட்டது. எடுக்கப் பிள்ளை யாரையும் அவள் கூப்பிடவில்லை. மச்சான்தான் பொறுக்க முடியாமல், "என் சின்னவளக் கூட்டியாரட்டா?" என்று கேட்டான்.

"வேணாம்ணே." எழுந்தாள். இரண்டு பொட்டலத்தையும் எடுத்தாள். பிரிக்கவில்லை. பின்னால் போய், பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நடுவில் விரலால் மண்ணைத் தோண்டி இரண்டையும் உள்ளே வைத்து மூடினாள்.

"என்னம்மா இது?" என்றான் மச்சான். "கேட்டுட்டுப் பதிலப் பாக்காமயா?"

அவனிடம்தான் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை. "வெள்ள வந்தா இருக்கணும். இருந்தா ஒன் புள்ளைங்க வாயிலருந்துதானே எனக்குத் தரணும். அதுங்களே எலும்பா கெடக்குதுங்க. செவப்பு வந்தா இவரு கட்டுனது சரின்னு ஆயிரும். ரெண்டுமே என்னால ஆகாதுண்ணே. கேட்டுட்டு அவரு சொன்னதச் செய்யாமப் போறதுக்கு, கேக்காமலே போறது நல்லது."

"அப்ப எந்தத் தைரியத்துல போற?"

"ஆண்டவரக் கூட வரச் சொல்லியிருக்கேன். வாக்கெல்லாம் குடுக்க வேணாம், கூட வந்தாப் போதும்னேன்."

"வருவாராமா?" அவன் கேலியாகக் கேட்கவில்லை.

"தெரியாது" என்றாள். கையிலிருந்த மண்ணைச் சேலையில் துடைத்தாள். "பஞ்சத்துலயும் தெரியாமத்தானே இருந்தேன். தெரியும்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். அவ்வளவுதான வித்தியாசம்."

அதற்குப் பிறகு அவள் எந்தக் காரியத்துக்கும் பூ கட்டச் சொன்னதில்லை. அக்கரையில் எங்களுக்கு நடந்தவற்றில் நல்லது கொஞ்சம்தான். முகாம், கல் குவாரி, மறுபடி முகாம். ஒவ்வொரு தடவை இடம் மாறும்போதும் சுவரில் முதலில் ஆணி அடித்து ஜெபமாலையைத் தொங்க விடுவாள். பிறகுதான் அடுப்பு. என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவளைக் கொண்டு நான் ஒருமுறை பதில் வாங்கியது போதும்.

அந்தப் பொட்டலங்களைப் புதைத்த மறுநாள் மாத்தளை ஸ்டேஷனில் அழுகையும் பெட்டியுமாகச் சனம் நிறைந்திருந்தது. மச்சான் வரவில்லை. இரத்தோட்டையில் பஸ் ஏற்றிவிட்டு, நாங்கள் மகளைத் தூக்கி வந்த அந்தப் பாதையில் திரும்பிப் போய்விட்டான். நாங்கள் ஏறி எதிரெதிரே உட்கார்ந்தோம். மலைகள் தெரிகிற பக்கத்தில் அவள் உட்காரவில்லை. நான் சிறு வயதிலிருந்து எத்தனையோ இடத்தை விட்டுக் கிளம்பியிருக்கிறேன். ஒரு தடவையும் திரும்பிப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். மேகம் இறங்கியிருந்தது, ஒன்றும் தெரியவில்லை.

கப்பல் ஏற மன்னாருக்குப் போக ரயில் மாற வேண்டிய இடம் வந்தது. எல்லாரும் அவசரமாக இறங்கினார்கள். அவள் தண்ணீர் பிடிக்கச் செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டடி போனவள் நின்றாள்.

"பெட்டியப் பாத்துக்கங்க" என்றாள்.

கல்லறையில் நான் உண்மையைச் சொன்ன நாளிலிருந்து என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. பெட்டிக்குள் அவளுடைய இரண்டு சேலையும் பாஸ்போட்டும் மகளின் கவுனும் இருந்தன. அவள் திரும்பி வரும்வரை நான் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.